காட்டைப் படிக்கப் போகும் பிள்ளைக்கு யார் பணம் கொடுப்பது?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் போனால் பாதையோரப் பேனர்களை எண்ணிக்கொண்டே போகலாம். மருத்துவம், பொறியியல், சட்டம். பிள்ளையின் படம், பாடசாலையின் பெயர், அதற்குக் கீழே வாழ்த்துவோரின் நீண்ட பட்டியல். சந்தோஷம்தான். நம் பிள்ளைகள் படித்து மேலே வருவதைப் பார்க்க எந்த ஆசிரியருக்குத்தான் கசக்கும்? ஆனால் காட்டையும் காட்டு நிர்வாகத்தையும் ஆராயப் போன ஒரு பிள்ளைக்கு இதுவரை ஒரு பேனரும் கட்டியதை நான் காணவில்லை. சிரிக்க வேண்டாம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

காட்டு ஆளுகை என்று சொன்னால் பலருக்கு மரத்தின் பெயரும் குருவியின் பெயரும் படிப்பது என்றுதான் தோன்றும். அது வேறு படிப்பு, அதுவும் தேவை. நான் சொல்வது இது: காடு, அதன் ஓரத்திலுள்ள ஊர், வயல், தேயிலைத் தோட்டம், ஆறு எல்லாம் சேர்ந்த ஒரு நிலப்பரப்பை யார் ஆள்கிறார்கள், எந்தச் சட்டத்தை வைத்து ஆள்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

கண்டியையே பாருங்கள். நகரத்துக்குள்ளே இருக்கும் உடவத்தகெலே ஏறத்தாழ 104 ஹெக்டேயர். 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இன்று வனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. மறுபக்கம் ஹந்தானை. அது 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் வந்தது, அந்தச் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கையில். கிழக்கே நக்கிள்ஸ், சிங்களத்தில் தும்பர. அது 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்தைச் சுற்றி மூன்று காடுகள், மூன்று விதமான சட்டம். ஹந்தானைச் சரிவில் யாராவது மண் வெட்டினால் எந்தக் கந்தோருக்குப் போய் முறையிடுவது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராம உத்தியோகத்தரிடமா, பிரதேச செயலகத்திடமா, அதிகாரசபையிடமா, பொலிஸிடமா?

ஒரு காகிதத்தால் ஒரு காட்டின் விதியே மாறும். 2001இல் வந்த 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்குக்காடு என்று அறிவிக்கப்படாமல் எஞ்சியிருந்த அரச காடுகளை வனத் திணைக்களத்தின் கீழே கொண்டுவந்தது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அதை இரத்துச் செய்து, அந்தக் காடுகளை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றியது. சேனைப் பயிர் செய்ய இடமில்லாமல் தவித்த விவசாயிக்கு நியாயம் கிடைத்தது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். காட்டை அரசியல்வாதிக்குத் திறந்துவிட்டார்கள் என்று மறுபக்கம் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சத்தம் போட்டதுதான் அதிகம். இந்த இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இந்த இந்தக் காணியில் இதுதான் நடந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நக்கிள்ஸ் ஏலக்காயின் கதையைச் சொல்கிறேன். அந்த மலையில் பல காலமாக ஏலம் பயிரிட்டார்கள். அரசாங்கமே காணியைக் குத்தகைக்குக் கொடுத்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஆகவே பெரிய மரங்களை வெட்ட மாட்டார்கள். கீழே முளைக்கும் சிறு செடிகளையும் கன்றுகளையும் மட்டும் துப்புரவாக்கிவிட்டு ஏலத்தை நடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு காடாகவே தெரியும். உள்ளே போனால் அடுத்த தலைமுறை மரம் இருக்காது. பறித்த ஏலத்தைக் காயவைக்க விறகும் அதே காட்டிலிருந்துதான். இது நீரூற்றுகளுக்குக் கேடு என்று கண்டபின் 1980களில் உயரமான பகுதிகளில் ஏலச்செய்கைக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு பேணற்காடும் ஆயிற்று. ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவரும் தண்ணீர் அந்த மலைத் தண்ணீர்தான் என்பதை நினைத்தால் அந்த முடிவு சரி என்றே நான் சொல்வேன்.

ஆனால் அந்த ஏலத்தை நம்பியிருந்த ஊர்களுக்கு என்ன ஆனது? அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்? யார் மிளகுக்கு மாறினார்கள், யார் கித்துள் பாணிக்கு மாறினார்கள், யார் ஊரை விட்டே போனார்கள்? இந்தக் கேள்விகளுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. அக்குறணை என்றாலே வாசனைத் திரவிய வியாபாரம் என்று நாடே சொல்கிறது. ஏலம், மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்றுத்தான் நம்மில் பல குடும்பங்களில் வாப்பாமார் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். வீடு கட்டினார்கள், பள்ளிவாசலுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணம் எந்த மலையிலிருந்து இறங்கி வந்ததோ அந்த மலையைப் பற்றிய அறிவுக்கு அதில் ஒரு சிறு பங்கு திரும்பிப் போவதில் என்ன தவறு?

என்னிடம் புவியியல் படித்த ஒரு மாணவி, பல்கலைக்கழகத்தில் தன் இறுதி வருட ஆய்வுக்கு நக்கிள்ஸ் ஓரத்து ஊர் ஒன்றைத்தான் எடுத்தாள். ஏலம் நின்றபின் அங்கே பெண்களின் வருமானம் எப்படி மாறியது என்பது தலைப்பு. நான் வாசித்தேன், நல்ல வேலை. அதைத் தொடர்ந்து முதுமாணி ஆய்வு செய்ய ஆசைப்பட்டாள். கட்டணம், அங்கே தங்கும் செலவு, இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் வீட்டில் இருப்பது, இது மூன்றையும் தாண்ட முடியவில்லை. உதவி கேட்டுப் போன இடத்தில் "இதைப் படித்து என்ன தொழில் எடுப்பாய் மகள்?" என்று கேட்டார்களாம். இப்போது கண்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுடைய ஆய்வேடு அவள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

வில்பத்து விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் மக்கள் யுத்தம் முடிந்து முசலிப் பக்கத்துக்குத் திரும்பியபோது, 2012ஆம் ஆண்டு வர்த்தமானி தங்கள் பழைய காணிகளையும் காடாக்கிவிட்டது என்றார்கள். சூழலியலாளர்கள் காடு அழிக்கப்படுகிறது என்றார்கள். 2015இல் அது தொலைக்காட்சிச் சண்டையானது. பிறகு ஒரு சமூகத்தின் மீதான பழியாகவே மாறியது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அழிக்கப்பட்ட இடத்தில் மீண்டும் மரம் நட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளில் நம் பக்கத்தில் பேச அரசியல்வாதிகள் இருந்தார்கள், முகநூல் வீரர்கள் இருந்தார்கள். பழைய காணி உறுதி, இடாப்பு, வான்வழிப் படம், வர்த்தமானி வரைபடம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்தத் துண்டு வயல், இந்தத் துண்டு காடு, இதில் இரண்டு பக்கமும் சொல்வது பாதி சரி" என்று நிதானமாகச் சொல்லக்கூடிய ஆய்வாளர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? சண்டை வந்தபின் ஆய்வாளரைத் தேடினால் கிடைக்காது. பத்து வருடத்துக்கு முன்பே அவரைப் படிப்பிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

நம் நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம்தான். அதிலும் விவசாயம், மருத்துவம், தொழில்நுட்பம் எடுத்தது போக, காட்டை யார் ஆள்கிறார் என்ற கேள்விக்கு மிஞ்சுவது என்ன என்று நீங்களே யோசியுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டுப் பணத்தோடு இங்கே வருகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள், அங்கே போய் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் எழுதியதால்தான் பல விடயங்கள் நமக்கே தெரியவந்தன. ஆனால் அவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு சில மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

பணத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியராக எனக்குத் தெரிந்தது, பணம் கிடைத்தும் வழிகாட்ட ஆள் இல்லாமல் பாதியில் நின்ற பிள்ளைகள்தான் அதிகம். பேராதனையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பேராசிரியர்கள் நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும், கணவனும் மனைவியும், தாவரவியல்காரர்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவில் இயந்திரம் வைத்து மரம் தறித்த காலத்திலிருந்தே அந்தக் காட்டோடு இருந்தவர்கள். தறிப்பு நின்றது, 1988இல் சிங்கராஜா உலக மரபுரிமையானது. 1993இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் நிறுவனங்களோடும் சேர்ந்து அங்கே 25 ஹெக்டேயரில் ஓர் ஆய்வு நிலத்தை அமைத்தார்கள். நெஞ்சு மட்டத்தில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் போட்டார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேல்! சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் போய் அளந்தார்கள். அதை அளந்து அளந்துதான் மாணவர்கள் ஆய்வாளர்களானார்கள்.

ஆளுகைப் பக்கத்துக்கு எலினோர் ஒஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். காட்டையும் மீனையும் தண்ணீரையும் ஊர் மக்களே விதி போட்டுக் காக்க முடியும், எல்லா இடத்திலும் அல்ல, சில நிபந்தனைகள் இருந்தால் மட்டும் என்று காட்டியவர். அவரும் கணவரும் 1973இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஒரு கூடம் தொடங்கினார்கள். அதற்குப் பெயரே 'பட்டறை'. தச்சன் பட்டறையில் பையன் வேலை பழகுவது போல இளையவர்கள் மூத்தவர்களோடு இருந்து ஆய்வு பழகும் இடம். 1990களில் அங்கிருந்து தொடங்கிய காட்டு ஆய்வு வலையமைப்பில் நேபாளமும் சேர்ந்தது. அந்த நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பின் இன்று 22,000க்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் தங்கள் காட்டைத் தாங்களே பராமரிக்கின்றன. நம்மைப் போன்ற மலைநாடு, நம்மை விட வசதி குறைந்த நாடு.

அப்படியானால் கண்டிப் பிள்ளைக்கு இதில் ஏதும் விசேடம் உண்டா? உண்டு. நக்கிள்ஸைச் சுற்றி மீமுரே போன்ற சிங்களக் கிராமங்களும் இருக்கின்றன, தமிழ் பேசும் தோட்ட லயங்களும் இருக்கின்றன. திணைக்களக் கோப்புகள் சிங்களத்தில், ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழும் சந்தையில் சிங்களமும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகள் லயத்திலும் கிராமத்திலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேசுவார்கள். கொழும்பிலிருந்து வரும் எத்தனை பேரால் அது முடியும்?

என் யோசனை சின்னது. ஒரு பிள்ளைக்கு மாதம் 40,000 ரூபா, இரண்டு வருடம். 9 இலட்சத்து 60 ஆயிரம் வரும். இரண்டு பிள்ளைகளை எடுத்தால் 19 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு ஊர் தனியாகத் தூக்கத் தேவையில்லை. அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கட்டுகஸ்தோட்டை, கண்டி நகரம் என்று நலன்புரிச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பிரித்துக்கொண்டால் பெரிய தொகை இல்லை. (நம் வலீமாக்களின் சாப்பாட்டுச் செலவைப் பற்றி இங்கே பேச மாட்டேன். இன்னொரு நாளைக்கு.) ஸகாத் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். நான் கேட்பது பொது நன்கொடையை.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவருக்குப் புறம்பாக ஊரில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நில அளவையாளர், சட்டத்தரணி, காணிப் பிரிவில் இருந்த லிகிதர் போன்ற ஒருவர். காட்டுக்குள் ஆய்வு செய்ய அனுமதி எடுப்பது எப்படி, வர்த்தமானியின் எல்லை விவரத்தை நிலத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி, அதிகாரி பதில் தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பிப்பது எப்படி என்று இவர்களிடம் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து "எங்கே போனாய், என்ன கண்டாய்" என்று கேட்டால் போதும். பெண் பிள்ளை என்றால் அங்கே தங்கும் இடமும் பயணத் துணையும் முதலிலேயே ஒழுங்காக வேண்டும். பல வாப்பாமார் மறுப்பது படிப்பையல்ல, இந்த ஒழுங்கு இல்லாததைத்தான்.

தொழில் கிடைக்குமா என்று கேட்பார்கள். டொக்டருக்குக் கிடைப்பது போலக் கிடைக்காது. வனத் திணைக்களம், சுற்றாடல் அதிகாரசபை, பல்கலைக்கழகம், சில வெளிநாட்டு நிறுவனங்கள், அவ்வளவுதான் வாசல்கள், அவையும் அகலமானவை அல்ல. அதனால்தான் பத்துப் பேர் வேண்டாம், இரண்டு பேர் என்கிறேன்.

தேவை இருக்கிறதா என்பதற்கு நம் ஊரே சாட்சி. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைத்தெரு எத்தனை தடவை மூழ்கியது! ஒவ்வொரு தடவையும் கரையை அடைத்துக் கட்டியது காரணம் என்று ஒருவர், மேலே சரிவில் மரம் போனது காரணம் என்று இன்னொருவர், வயலை நிரப்பியது என்று மூன்றாமவர். எது எவ்வளவு? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண் சரிந்த இடங்களில் எது காட்டு நிலம், எது கைவிட்ட தோட்டம், யார் அனுமதியில் அங்கே வீடு கட்டினார்கள் என்பதை இன்னும் சில வருடத்தில் யாரோ எழுதத்தான் போகிறார்கள்.

அடுத்த பெறுபேறு வந்ததும் சங்கங்கள் புலமைப்பரிசில் கூட்டம் வைப்பார்கள். உங்கள் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன், செலவுக் கணக்கைத் தாளில் எழுதியே கொண்டுவருகிறேன். அந்த மாணவியிடமும் கேட்டுவிட்டேன், ஆய்வேட்டைத் தூசு தட்டி எடுத்து வர அவளுக்குச் சம்மதம்.