கேட்டதற்கும் கட்டணமா?

பிரித்தானியாவில் வீட்டுக் காப்புறுதி எடுத்த எவரும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டில் இழப்போ சேதமோ ஏற்பட்டதா, கிளெய்ம் செய்திருந்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி? நம்மவர்களில் பலர் பின்பாதியை வாசிப்பதே இல்லை. காசு வாங்கவில்லை, அதனால் கணக்கில் வராது என்று நினைத்து ‘இல்லை’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். ஆனால் அது கணக்கில் வருகிறது.

ஹரோவில் எங்கள் தெருவில் ஓர் அன்ரி தனியே இருக்கிறார். குளிர்காலத்தில் மேல்மாடிக் குளியலறை பேசினுக்குக் கீழே குழாய் மூட்டு தளர்ந்து, குசினிச் சீலிங்கில் சோற்றுக் கோப்பை அளவுக்கு மஞ்சள் கறை விழுந்தது. காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, இது பொலிசியில் அடங்குமா என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மிகப் பணிவாக பொலிசி இலக்கத்தைக் கேட்டார். பிறகு எந்த அறை, எப்போது கண்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில்தான் நீர்க்கசிவுக்கான எக்செஸ் 450 பவுண் என்றார். அந்த முதல் 450 பவுணையும் வீட்டுக்காரர்தான் போட வேண்டும். பிளம்பருக்கும் பெயின்ட்டுக்கும் சேர்த்தே 220 பவுண்தான் ஆகும் என்பதால், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அன்ரி தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த ரினியூவல் கடிதத்தில் பிரீமியம் ஏறியிருந்தது. நான் கணக்கு வேலை செய்பவள் என்பதால் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடியில் கை வைக்கவில்லை. அந்தத் தள்ளுபடியைக் கழிப்பதற்கு முந்திய விலையைத்தான் உயர்த்தியிருந்தார்கள். ஏறிய தொகைக்கும் 12 சதவீதக் காப்புறுதி வரி உண்டு. காரணம் கேட்டபோது, பதிவான சம்பவமும் ஒரு காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடிதத்தின் பின்பக்கத்தில் திகதி, நீர்க்கசிவு, கொடுத்த தொகை 0 பவுண் என்று ஒரு வரி இருந்தது. ‘நான் கேக்கத்தானே பிள்ளை எடுத்தனான், காசு கேக்கேல்லையே’ என்றார் அன்ரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிறுவனத்திடமும் நியாயமான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேறு நிறுவனங்களில் விலை கேட்டாலும் அந்தப் பூச்சியம் கூடவே வரும். 1994இல் தொடங்கிய ‘கிளெய்ம்ஸ் அண்ட் அண்டர்ரைட்டிங் எக்ஸ்சேஞ்ச்’ என்ற தரவுத்தளத்தைக் காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கிளெய்ம் ஆக முடிந்தாலும் முடியாவிட்டாலும், தெரிவிக்கப்பட்ட சம்பவங்கள் அதில் ஏறும். ஒரே இழப்புக்கு இரண்டு நிறுவனங்களிடம் பணம் வாங்கும் மோசடியைப் பிடிக்க அது உதவுகிறது. அதற்கு நான் எதிரியல்ல. மோசடியைப் பிடிக்க வைத்த பதிவேட்டை, சந்தேகம் கேட்டவரின் விலையை ஏற்றப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒருமுறை கசிந்த வீட்டில் குழாய்கள் பழையவையாக இருக்கலாம், மறுபடி கசியும் வாய்ப்பு அதிகம் என்பது நிறுவனங்களின் வாதம். அதை நான் ஒதுக்கவில்லை. நீர்க்கசிவு இந்நாட்டு வீட்டுக் காப்புறுதியில் மிக அதிகமாக வரும் கிளெய்ம்களில் ஒன்று. ஆனால் அன்ரி வீட்டில் அந்த மூட்டைக் கழற்றிப் புதிது போட்டாயிற்று, பிளம்பரின் ரசீது கையில் இருக்கிறது. கசிவுக்கு முன்பு இருந்ததைவிட இன்று அந்த வீடு பாதுகாப்பானது. திருத்தியாயிற்று என்று சொல்ல அவர் நிரப்பிய படிவத்தில் ஓர் இடமும் இல்லை. கசிந்தது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு திருத்தியதை எழுதாத கணக்கை, கணக்கு எழுதும் எவரும் ஏற்கமாட்டார்.

சரி, தொலைபேசி எடுக்காமலே இருந்திருக்கலாமே என்பார்கள் சிலர். சேதத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்று பொலிசி நிபந்தனையே சொல்கிறது. தாமதித்தால் பிறகு அதையே காட்டி மறுக்கலாம். படிவத்தில் பொய் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு உரிய கவனத்தோடு உண்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. வேண்டுமென்றே மறைத்தால் பொலிசியையே செல்லாததாக்கி, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆக நேர்மையானவர் ஒவ்வொரு படிவத்திலும் ‘ஆம்’ எழுதிக் கூடுதல் பணம் கட்டுகிறார். கறைமேல் பெயின்ட் அடித்து வாய்மூடி இருந்தவர் மாட்டும்வரை மலிவாகப் போகிறார். இதைப் பார்க்கும் மக்கள் சின்னக் கசிவைச் சொல்லப் பயப்படுவார்கள். சீலிங்குக்கு மேலே மரச்சட்டம் ஊறி உக்கிய பிறகு வரும் கிளெய்ம் 220 பவுணில் முடியாது. அந்தச் செலவு கடைசியில் எல்லோருடைய பிரீமியத்திலும்தான் விழும்.

பொலிசி இலக்கத்தைக் கேட்பதற்கு முன்பே, ‘நீங்கள் சொல்வது பதிவாகும், விலையைப் பாதிக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். கேள்வி வேறு, சம்பவ அறிவிப்பு வேறு என்று பிரிக்க வேண்டும். பணம் எதுவும் கொடுக்காமல் முடிந்து, திருத்தியதற்கு ரசீதும் இருந்தால், அதற்காக ஒரு பென்ஸ்கூட ஏற்றக் கூடாது. விலை நிர்ணயத்தில் கை வைக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கும் வழக்கத்தை, 2022 ஜனவரி 1 முதல் நிதி நடத்தை ஆணையம் தடுத்தது. அமெரிக்காவில் டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில், வாடிக்கையாளர் வெறுமனே விசாரித்ததை அவருக்கு எதிராகப் பயன்படுத்தச் சட்டம் விடுவதில்லை. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

அதுவரை, தொலைபேசியைத் தூக்குமுன் பொலிசிப் புத்தகத்தில் எக்செஸ் எவ்வளவு என்று பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். உங்கள் பெயரில் அந்தத் தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதை, அதை நடத்தும் மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோவிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வெறும் விசாரணையைக் கிளெய்ம் என்று எழுதியிருந்தாலோ, முடிந்த விடயத்தை முடியாததாகக் காட்டியிருந்தாலோ, திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள், ரசீதின் பிரதியையும் இணையுங்கள். எட்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. நிறுவனம் இறுதிப் பதில் கடிதத்தை அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அன்ரியின் கடிதத்தை எழுதி, பிளம்பரின் ரசீதையும் வைத்து அனுப்பியிருக்கிறோம்.