உடல்நலப் பக்கம்: மனச்சுமையும் மூச்சும்



சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நின்றபோது, ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்தார். விரியில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. ஊரில் தாயார் படுக்கையில். "அண்ணை, வங்கிக் கடிதத்தைக் கண்டாலே நெஞ்சு இறுகுது. நீலப் பம்ப் அடிச்சால்தான் மூச்சு வருது. இது பயமோ, வருத்தமோ? வீட்டில இன்னும் சொல்லேல்லை" என்றார்.

இரண்டுந்தான் என்பதே நான் சொன்ன பதில். அதன் விளக்கம் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திடீரென ஒரு நெருக்கடி வந்தால் உடல் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஓமோன்களைச் சுரக்கிறது. முதலாவது மூச்சுக்குழாயை விரிக்கும். இரண்டாவது அழற்சியைத் தணிக்கும். சிறிது நேரத்துக்கு இது நன்மையே. ஆனால் கவலை மாதக்கணக்கில் நீடித்தால் உடல் இவற்றின் சொற்கேளாமல் போகிறது. 2006ஆம் ஆண்டு மில்லர், சென் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வீட்டில் நீண்டநாட் கஷ்டமும் அதன்மேல் திடீர்த் துயரமும் சேர்ந்த பிள்ளைகளின் வெள்ளணுக்களில், கோர்ட்டிசோலை ஏற்கும் வாங்கிகளுக்கான மரபணுச் செய்தி 5.5 மடங்கு குறைந்திருந்தது. அட்ரினலினை ஏற்கும் வாங்கிகளுக்கானது 9.5 மடங்கு குறைந்திருந்தது. பம்பில் உள்ள மருந்தும் இதே வாங்கிகளின் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆகவே மனச்சுமை நோயைக் கூட்டுவதோடு, மருந்தின் பலனையும் குறைக்கக்கூடும்.

வேறு வழிகளிலும் தீங்கு வருகிறது. கவலைப்படுபவர் வாயால் வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுகிறார். நித்திரை கெடுகிறது. சிலர் சிகரெட்டைத் தேடுகிறார்கள். தினமும் எடுக்கவேண்டிய தடுப்புப் பம்பை மறந்துவிடுகிறார்கள். மன அழுத்தம் கூடியவர்களுக்குத் தடிமன் எளிதில் தொற்றுகிறது என்று 1991இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. தடிமன் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது நமக்குத் தெரிந்ததே.

உடனே சுகம் தரும் பம்பை மட்டும் நம்புவது சரியல்ல. இந்த நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1976இலிருந்து நியூசிலாந்தில் ஆஸ்துமாவால் இறந்த இளவயதினரின் தொகை திடீரென ஏறியது. பெனோட்டெரோல் என்ற பம்ப் மருந்துக்கும் இம்மரணங்களுக்கும் தொடர்பு உண்டென்று 1989இல் வெலிங்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அம்மருந்து கட்டுப்படுத்தப்பட்டது, மரணங்களும் குறைந்தன. இன்றைய நீலப் பம்ப் அந்த மருந்து அல்ல. வீண் பயம் வேண்டாம். ஆனால் அது குழாயை விரிக்குமே தவிர உள்ளே உள்ள அழற்சியைத் தணிக்காது. அதனால் 2020ஆம் ஆண்டின் நியூசிலாந்து வழிகாட்டி, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு புடெசோனைட், போர்மோட்டெரோல் இரண்டும் ஒன்றாக உள்ள பம்பையே விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. நீலப் பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறதென்றால் குடும்ப வைத்தியரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள்.

நமது பிராணாயாமம் உதவுமா என்று பலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் 18 பேரிடம் செய்த சோதனை 1990இல் வெளிவந்தது. உள்மூச்சைப்போல இரு மடங்கு நேரம் வெளிமூச்சு விடச்செய்யும் ஒரு சிறு கருவியால் தினம் இருமுறை பயிற்சி செய்தபோது, மூச்சுக்குழாய்கள் எளிதில் சுருங்கும் தன்மை குறைந்தது. 2018இல் பிரித்தானியாவில் 655 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் அன்றாட வாழ்வு இலகுவானது; ஆனால் நுரையீரலின் அளவீடுகள் மாறவில்லை. ஆகவே பயிற்சி மருந்துக்குத் துணையே ஒழிய, மருந்துக்குப் பதிலாகாது. மூக்கால் மெதுவாக இழுத்து, இருமடங்கு நேரம் விடுங்கள். தலை சுற்றினால் நிறுத்துங்கள். பயிற்சி தொடங்கியதென்று பம்பை ஒருபோதும் நிறுத்தவேண்டாம்.

ஒரு வசனம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்ப் அடித்தும் குறையாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 111ஐ அழையுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு ஹெல்த்லைன் 0800 611 116. மனம் பாரமாக இருந்தால் 1737 என்ற இலக்கத்தில் இலவசமாகப் பேசலாம்.

நம்மில் பலர் போரையும் இடப்பெயர்வையும் தாண்டி வந்தவர்கள். "இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று வாய்மூடி இருப்பது நமக்குப் பழகிவிட்டது. நுரையீரலுக்கு அந்தப் பழக்கம் நல்லதல்ல.

அந்தத் தம்பி மனைவியிடம் சொல்லி, இருவருமாக வைத்தியரிடம் போய்வந்துவிட்டார். வாசிக்கும் நீங்களும் இனிமேல் உங்கள் கவலையை வீட்டிலாவது சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.