பூட்டினோமா?

பார்சல் ஆபீஸில் வரவைச் சரிபார்த்து, பணப்பெட்டியைப் பூட்டிய பின் வீடு திரும்புவது நமது வழக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இவ்வழக்கம் கெட்டது. பாதி வழியில் 'பூட்டினோமா?' என்றோர் ஐயம் எழும். திரும்பிச் சென்று பூட்டை இழுத்துப் பார்ப்போம். மறுபடியும் நடப்போம், மறுபடியும் திரும்புவோம். ஓரிரவு ஏழு தடவை திரும்பினோம். (திருட வருபவன்கூட அத்தனை தடவை வரமாட்டான்!)

வீட்டிலும் அதே கதை. "கேஸை மூடினாயா?" என்று இல்லாளைப் பத்து முறை கேட்போம், அவளும் பொறுமையாய்ப் பத்து முறை விடை சொல்வாள். ஒரு நாள் எட்டு வயது மகள் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "அப்பா, நான் கதவைத் தாளிட்டேனா?" என்று கேட்டாள். மறுநாளே மனநோய் மருத்துவரிடம் சென்றோம்.

அவர் இந்திக்காரர். இப்பக்கத்தார் இதை 'வஹம்' என்பர் என்றார். வேண்டாத எண்ணங்கள் நோயற்றவர்க்கும் வருவதை ராக்மன் என்பவரும், இலங்கையிற் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978-இலேயே ஆய்ந்து வெளியிட்டனராம். எண்ணத்திற்கு நாம் கற்பிக்கும் பொருளே நோயை வளர்க்கிறது. தீங்கு நேர்ந்தால் பழி தம்முடையதே என்னும் மிகையான பொறுப்புணர்ச்சியே இதன் வேர் என 1985-இல் சால்கோவ்ஸ்கிஸ் என்னும் ஆங்கிலேய நிபுணர் எழுதினார்.

நமது நெஞ்சில் இருந்ததும் அதுவே. பெட்டி திறந்து கிடந்தால் வேலை போகும். உறவினரற்ற ஊரில் குடும்பம் தெருவில் நிற்கும். ஐயம் வந்தும் திரும்பிப் பாராதிருப்பது களவுக்குச் சமம்! வேறு சிலரது நம்பிக்கை இன்னும் கொடியது. தீய எண்ணம் தோன்றுவதே தீச்செயலுக்கு ஒப்பு என்று கருதி, கத்தியைக் கண்டாலே குழந்தையை விட்டு விலகி ஓடும் தாய்மாரும் உண்டாம். பாவம், அவ்வெண்ணத்தை அவர்களைவிட வெறுப்பவர் யார்?

மருந்துடன் ஒரு பயிற்சியும் தந்தார். ஒரு முறை பூட்டுக, திரும்பற்க, அச்சம் தானாக ஏறித் தானாக இறங்கட்டும். இல்லாளிடம், "விடை சொல்லாதீர்கள் அம்மா, ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு எரு" என்றார். முதல் வாரம் அவள் வாய் திறவாதிருக்க, நாம் சினந்து கத்தினோம். அவள் அழுதாள், ஆயினும் விடை சொல்லவில்லை.

இன்றும் சில இரவுகளில் அந்த ஐயம் வருகிறது. நடந்துகொண்டே இருக்கிறோம்.

இந்தியில் இவற்றையெல்லாம் சொல்லத் திணறியது நினைவிருக்கிறது. 2022 முதல் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம்.