மெஷினுக்கா, படுக்கைக்கா?

மும்பையில் நம்மவர்கள் பலர் பரேல் வழியாகத்தான் ஆபீஸ் போகிறோம். 1941 முதல் அங்கே இருக்கும் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்கு நாடு முழுக்கவிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். வைத்தியம் மாசக்கணக்கில் நடக்கும்; தங்க இடமில்லாதவர்கள் நடைபாதையில் படுக்கிறார்கள். கீமோ ஏறிய குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. தெருவில் தொற்று வந்தால் வைத்தியமே தடைப்படும். காசு தீர்ந்து பாதியில் ஊர் திரும்புபவர்களும் உண்டு.

2006-ல் இங்கே தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெற்றோருடன் இலவசமாகத் தங்க வைக்கின்றன. குடும்பத்துக்குத் தனி இடம், சமைக்க அடுப்பு, ஆஸ்பத்திரி போய்வர வண்டி. எல்லாம் நன்கொடையில்தான்.

மெஷின் வாங்கக் கொடுத்தால் கல்வெட்டில் பேர் வரும். படுக்கைக்கும் அரிசிக்கும் வராது. ஆனால், அவை இருந்தால்தான் பலருக்கு வைத்தியம் முழுசாக முடிகிறது. என் ஓட்டு படுக்கைக்கே. நீங்க என்ன சொல்றீங்க?