வெள்ளிப் பட்டையின் பூர்வீகம்

புதிய காரைப் பழைய காரின் சாயலுக்கு ஒப்பனை செய்வதை அழகுணர்ச்சி என்று சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை மரபின் மீட்பு என்றே பேசும் குரல்கள் இப்போது இலக்கிய வட்டாரங்களிலும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நம் நண்பர்கள் சிலரே அப்படிப் பேசுகிறார்கள். நாம் இதை மறுக்கிறோம். வேலூரிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாழ்கிறவர்கள் மறுப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு என்றும் கருதுகிறோம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். 2020இல் புது வடிவம் பெற்ற மகிந்திரா தார், சதுர உடலும் வட்ட விளக்குமாக, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முகத்தை அணிந்துகொண்டு வந்தது. அதற்கு முன்பே பீட்டிலும் மினியும் அவ்வாறே பாட்டன் முகத்தோடு இந்தியச் சந்தைக்கு வந்திருந்தன. அந்தச் சாயல் போதாதென்று வாங்கியவர்கள் நேரே கார் அலங்காரக் கடைக்குப் போகிறார்கள். கிரில்லைச் சுற்றி வெள்ளி வளையம், கைப்பிடிக்கு மூடி, கதவின் அடிவிளிம்பில் மின்னும் பட்டை, பின்சக்கர வளைவின் முன்பகுதியில் ஒரு கல் தடுப்பு, முகப்பு விளக்கின்மேல் ஒரு கம்பி வலை.

கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். கல் தடுப்பு ஒரு காலத்தில் வேலை செய்த பொருள். சாலைகள் ஜல்லியும் மண்ணுமாகக் கிடந்த நாளில் முன்சக்கரம் வாரியிறைக்கும் கற்கள் பின் மட்கார்டின் புடைப்பில் மோதும். வண்ணம் பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் ஒரு ரப்பர்த் துண்டையோ உலோகத் தகட்டையோ பதித்தார்கள். விளக்கின் கம்பி வலையும் அப்படியே: கண்ணாடி உடைந்தால் மாற்றக் கிடைக்காத காட்டுப் பாதைகளில் ஓடிய வண்டிகளுக்கானது. இன்று நம் ஊரில் இவற்றை மாட்டிக்கொண்ட வண்டிகள் எங்கே ஓடுகின்றன? வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை மழமழவென்று கிடக்கும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில். அங்கே அந்த வலை செய்யும் ஒரே காரியம், விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைப்பது. (முன்பக்கத்தில் இரும்புக் குழாய்களால் வேலி கட்டும் பழக்கத்தை இதில் சேர்க்கவில்லை. அது மோதப்படும் பாதசாரிக்கு எமன் என்பதால் 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகமே, அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதமானது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கல் தடுப்புக்குச் சட்டத் தடை கிடையாது. நம் வழக்கு சட்டத்தைப் பற்றியதன்று.)

தண்டியலங்காரம் பொருளணிகளைச் சொல்லும்போது உவமையை முதலில் வைக்கவில்லை. தன்மை அணியை வைக்கிறது. ஒரு பொருளை அதன் இயல்பு விளங்கச் சொல்வதே முதல் அலங்காரம். கல் எறிபட்ட இடத்தில் பதித்த தகடு அவ்வகைப்பட்டது. அந்த வண்டியின் பாதை எத்தகையது என்பதை அது சொன்னது. கல்லே படாத வண்டியில் ஒட்டிய கல் தடுப்பு எதைச் சொல்கிறது? தற்காலக் கவிதையில் 'யாண்டும்', 'ஈண்டு' என்று இரண்டு சொற்களை ஒட்டவைத்துவிட்டுச் சங்க மரபு என்று மார்தட்டுவதை நாம் இந்தப் பக்கங்களில் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறோம். அதே நாணயம்தான் இங்கும் புழங்குகிறது.

பழைய வண்டிகளின்மேல் நமக்குக் காய்ச்சல் இல்லை. உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுபோன அம்பாசிடரை இன்றும் பாகம் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர் வேறு வகையைச் சேர்ந்தவர். அவருடைய பம்பரின் பளபளப்பு எப்போதோ பூசியது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றுகிறார். புதிதாக எதையும் கேட்கவில்லை. அந்த வண்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குக்கும் அவரால் பிழைப்பு நடக்கிறது. நினைவு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

இப்போது வெள்ளிப் பட்டைக்கு வருவோம். அது வெள்ளியன்று. எஃகின்மேலோ, இந்நாட்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின்மேலோ செம்பும் நிக்கலும் பூசி, அதன்மேல் மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாக ஏற்றப்படும் குரோமியம். அந்தக் கடைசிப் பூச்சுக்கு வழக்கமாகப் பயன்படுவது குரோமிக் அமிலத் தொட்டி. பிளாஸ்டிக்கில் உலோகம் ஒட்டும்படி அதன் மேற்பரப்பை அரிக்கச் செய்வதும் பெரும்பாலும் அதே அமிலந்தான். அதிலிருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். ஆவியாகவும் துளியாகவும் மூச்சில் புகுந்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமற நிறுவப்பட்ட பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அலங்காரப் பூச்சில் இதை 2027 தொடக்கத்துக்குள் கைவிட வேண்டும் என்று கலிஃபோர்னியா 2023இல் விதி வகுத்தது. அலங்காரத்துக்கு இவ்வளவு விலை வேண்டாம் என்று பணக்கார நாடுகள் முடிவு கட்டுகிற காலத்தில் நாம் அதற்கு மரபு என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

குரோமிக் அமிலத்துக்குத் தாய் சோடியம் டைகுரோமேட். தோல் பதனிடும் குரோமிய உப்புக்கும் அதுவே தாய். பம்பரின் மினுக்கும் இருக்கையின் தோலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நம் ஊரைத் தவிர வேறெங்கும் சொன்னால் வேதியியல் பாடமாகத்தான் இருக்கும். இங்கே அது ஊர்க்கதை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் லிமிடெட் என்ற ஆலை 1970களில் தொடங்கி அந்த டைகுரோமேட்டைத் தயாரித்தது. 1990களில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் மலையாகக் குவிந்து அங்கேயே தங்கிவிட்டது. மழை பெய்தால் அதனடியிலிருந்து மஞ்சள் நீர் கசியும். 2006இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. வடஆர்க்காட்டுக்கு உலகப் புகழ் இந்த வழியாகவும் வந்தது.

கடையில் விற்கும் பட்டைக்கு ராணிப்பேட்டை ஆலைக் குரோமியம் பூசப்பட்டதாக நாம் சொல்லவில்லை. அந்த ஆலை ஓடி முப்பது ஆண்டாகிறது. பட்டை எங்கிருந்தோ வருகிறது. அதன் டைகுரோமேட்டும் எங்கோ ஓர் ஊரில் தயாராகிறது. அந்த ஊரின் பெயர் நமக்குத் தெரியாமலிருப்பதுதான் அந்தப் பளபளப்பின் சௌகரியம். மற்றவர்களுக்கு அந்த அறியாமை மன்னிக்கத்தக்கது. மஞ்சள் நீரை அறிந்த நமக்கு அது இல்லை.

"இரண்டு அங்குலப் பட்டைக்கா இத்தனை ஆவேசம்? உங்கள் ஊர்ச் சோறே குரோமியத்தில் வேகிற சோறு அல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் பேருந்து ஏறிப் போகும் பெண்களின் கூலியால் நிற்கிற வீடுகள் எத்தனை என்பது நம் வகுப்பறைகளிலேயே தெரியும். நம் மாணவர்களில் பலருக்கு அந்தக் கூலியே கல்விக் கட்டணம். தோல் தொழிலை மூடு என்று சொல்கிற கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கு இந்த மண் கொடுத்த விலை கணக்கில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதாக வந்த ஆய்வைப் பதிவு செய்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பாலாற்று மாசுக்கான இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது 2025 ஜனவரியில். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். செருப்பு நடக்க உதவுகிறது. அதன் விலையைப் பற்றி வாதாடலாம், குறைக்கப் பாடுபடலாம். சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியச் செலவைக் குறைக்கும் முறைகளை உருவாக்கியும் இருக்கிறது. எதற்கும் உதவாத ஒரு பட்டைக்கு அதே விலையைக் கொடுப்பதற்கு எந்த வாதம் இருக்கிறது?

பழமைதான் வேண்டும் என்றால் இந்த மண்ணில் அசலான பழமை இல்லாமல் போகவில்லை. குரோமியப் பதனீடு மதராஸுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால். அதற்கு முன் இங்கே தோலைப் பதனிட்டவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். குழியில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியத்துக்கோ ஓரிரு நாள் போதும். 1970களில் பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதும் முடித்த சரக்கையே ஊக்குவித்தபோது பட்டைக் குழிகள் மேலும் ஒதுங்கின. (அந்தக் குழிகளும் சொர்க்கமல்ல, அவற்றின் உப்பும் சுண்ணாம்பும் ஆற்றுக்குத்தான் போயின.) ஆனாலும் பழைய காருக்கு ஏங்குகிற எந்த நண்பரும் இதுவரை ஆவாரம் பட்டைத் தோலில் இருக்கை உறை கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை. அது மினுங்காது. வெயில் பட்டால் ஆண்டுக்காண்டு சிவந்துகொண்டே போகும். எந்தக் கடையும் அந்த நிறத்துக்கு உத்தரவாதம் தராது.