சூப்பர்வைசர் கையில் கைப்பிரதி

கலவை பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் ஷூ கம்பெனி வேன் ஏறும் பெண்கள் பேசாத விஷயமே கிடையாது. சீட்டுப் பணம், மாமியார், சீரியல், சாமி... "எங்க சபையில ஜெபம் பண்ணாங்கக்கா, பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்கிறாள் ஒருத்தி. பக்கத்தில் இருப்பவள் கேட்பாள். பிடிக்காவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை.

அதே பேச்சை ஸ்டிச்சிங் லைனில் சூப்பர்வைசர் ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிரதியை நீட்டி, "ஞாயித்துக்கிழமை சபைக்கு வாம்மா" என்கிறார். இப்போது அவள் தூங்க முடியுமா? லீவு அவர் கையில், ஓ.டி. அவர் கையில், டார்கெட் குறைந்தால் திட்டுவதும் அவர்தான். தலையாட்டித்தான் ஆகவேண்டும். அந்தத் தலையாட்டலை "ஆத்தும ஆதாயம்" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

பி.காம். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 16-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் அடுத்தவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்துகொண்டு, அதைப் பயன்படுத்தி ஆதாயம் அடைந்தால் அந்தச் சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை. பழைய சைக்கிளை விற்பதற்கே இந்த விதி. சாமி விஷயத்துக்கு வேண்டாமா?

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். "அதைத்தான் சொல்றோம், மதத்தைப் பத்தி வாயே திறக்கக்கூடாது!" அதுவும் தப்பு. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே தருகிறது. 1977-ல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கோடு போட்டது: எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்த ஜெயலலிதா, 2004-ல் அவரே அதைக் கைவிட்டார். சட்டம் போட்டு வேன் பேச்சை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது.

"பவுலே வேலை செஞ்சுக்கிட்டுதானே ஊழியம் செஞ்சார்?" என்று கேட்பார்கள். சரிதான். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் செய்தார். ஆனால் ஒரே தொழில்காரராகப் பக்கத்தில் உட்கார்ந்தார், யாருடைய ஓ.டி.யும் அவர் கையில் இல்லை.

வேலூரையே பாருங்கள். பிரசவத்துக்கு ஆண் டாக்டர் வேண்டாம் என்று குடும்பத்தார் மறுத்ததால் செத்துப்போன பெண்களைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் ஒரே படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1946-ல் அங்கே வந்த பால் பிராண்ட், ஊரே தொடப் பயந்த தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். அங்கே பிரசங்கமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊர் ஞாபகத்தில் நின்றது பிரசங்கம் அல்ல, வேலை.

இந்த விதி கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல. ஆயுத பூஜைக்கு மேனேஜர் நோட்டு நீட்டி வசூல் செய்தாலும் இதே தப்புதான். முதலாளி எந்த மதமானாலும் இதே கணக்குதான்.

கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்பதுதானே 1 பேதுரு 3:15-ன் சாரம்? அங்கே முக்கியமான வார்த்தை "கேட்கிறவர்கள்". ஓ.டி. கணக்கை ஒழுங்காக எழுதுங்கள், காய்ச்சல்காரிக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள். "நீங்க எந்தச் சபை ஸார்?" என்று அவளாகக் கேட்கட்டும். அப்போது எடுங்கள் கைப்பிரதியை. அதுவும் ஷிப்ட் முடிந்த பிறகு!