புல்லுக்கு எந்தத் தண்ணீர்?



றொறன்ரோவிலிருந்து கிச்சினர், கேம்பிறிட்ஜ், குவெல்ப் பக்கம் வீடு வாங்கி வரும் எம்மவர்கள், "பேஸ்மென்ரில் உப்புப் போடுகிற தொட்டி எதற்கு?" என்று கேட்பார்கள். றொறன்ரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். இங்கே பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த நிலத்தடி நீர். எங்கள் வலிகாமத்துக் கிணறுகளைப் போலக் கேத்தலில் வெள்ளையாய்ப் படியும். சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. அதனால்தான் 'சொப்ட்னர்' பூட்டுகிறார்கள்.

அது தண்ணீரிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. ஒரு லீற்றரில் 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். கடினத்தன்மை 400 என்றால் சோடியம் 184. குளிக்க, உடுப்புத் தோய்க்க நல்லது. புல்லுக்கு?

நாம் விட்ட பிழையைச் சொல்கிறோம். பத்து வருடம் இரவு வேலை செய்து வாங்கிய வீடு. முதற் கோடையில் வேலையால் வந்ததும் ஹோஸ் பிடித்தோம். புல் மஞ்சளானது. பசளை போட்டோம், விதை தூவினோம். காசு போனதுதான் மிச்சம். ஊரிலிருந்து வந்திருந்த ஐயா, வெங்காயத் தோட்டம் செய்தவர், குனிந்து மண்ணைக் கிளறினார். மேலே பொருக்கு. விட்ட தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றது.

"தம்பி, உவர் பட்ட தோட்டம் மாதிரிக் கிடக்கு. எந்தத் தண்ணி விடுறாய்?"

பேஸ்மென்ரில் குழாய் போகும் வழியைப் பார்த்தோம். வெளிப் பைப்புக்குரிய குழாய் சொப்ட்னருக்கு முன்பே பிரியவேண்டும். எமது வீட்டில் யாரோ மாற்றிப் பூட்டியிருந்தார்கள்.

சோடியம் கூடினால் களிமண் குழைந்து இறுகிவிடும். நீரும் காற்றும் இறங்காது. வேரடியில் உப்பு நின்றால், ஈரம் இருந்தும் புல்லால் உறிஞ்ச முடியாது. கடின நீரால் புல்லுக்குக் கெடுதல் இல்லை. அதிலுள்ள கல்சியம் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. வெளிப் பைப்புத் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் இரு போத்தல்களில் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். இரண்டும் ஒரேமாதிரி நன்றாக நுரைத்தால், வெளியேயும் சொப்ட்னர் தண்ணீர்தான். குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

2. அதுவரை, சொப்ட்னரில் உள்ள பைபாஸ் வால்வைத் திருப்பி, பைப்பைச் சற்று ஓடவிட்டுப் பின் புல்லுக்கு விடுங்கள். முடிந்ததும் வால்வைப் பழையபடி திருப்ப மறவாதீர்கள். மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தும் விடலாம்.

3. மண் ஏற்கனவே இறுகியிருந்தால் ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீரை ஆழமாக விடுங்கள். சோடியம் மெல்லக் கழுவுப்பட்டுப் போகும்.

4. வீட்டுக்குள் சாடியில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

நாம் அந்த இலையுதிர் காலத்திலேயே குழாயை மாற்றினோம். அடுத்த வைகாசியில் புல் பச்சையாக வந்தபோது ஐயா ஊருக்குத் திரும்பிவிட்டார். போனில் சொன்னோம். "கிணத்தைப் பாராமல் பயிரைப் பார்த்தால் இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டுக் குழாயையும் ஒருமுறை பாருங்கள். பார்த்ததை எமக்கு எழுதுங்கள்.